31-லிருந்து 30-க்கு இறங்கினால் என்ன ஆகும்? எண்ணிக்கை குறையும் சிறு அரசுப் பள்ளிகளின் நிதி

தொடக்கநிலை

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் கணக்கு இது. ஒன்று முதல் ஐந்து வரை இப்போது 33 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு முடித்து 9 பேர் வெளியேறுகிறார்கள். முதல் வகுப்புக்கு உறுதியாக வரக்கூடியவர்கள் 5 பேர். ஜூனில் 29-ல் நிற்கும். ஊரில் பிறப்பே குறைந்துவிட்டதால் அடுத்த இரண்டு ஆண்டும் இதே போக்குதான்.

தெரிய வேண்டியவை: பள்ளி மானியம் எவ்வளவு குறையும், எந்த ஆண்டிலிருந்து குறையும்? ஆசிரியர் பணியிடத்துக்கு ஆபத்து உண்டா? சத்துணவு மையம் என்ன ஆகும்? பக்கத்துப் பள்ளியோடு இணைக்கச் சொன்னால் பள்ளி மேலாண்மைக் குழு எந்த விதியைக் காட்டிப் பேசலாம்? "அப்படித்தான் சொல்றாங்க" என்ற பதில் நிறையக் கிடைத்துவிட்டது. எண்ணோடும் விதியோடும் சொல்லுங்கள்.

வட்டாரக் கணக்கர்

மானியத்தை மட்டும் முதலில் சொல்கிறேன். சமக்ர சிக்ஷாவின் (ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டம்) ஒருங்கிணைந்த பள்ளி மானியம் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை. படிக்கட்டு மாதிரி வரும்:

30 பேர் வரை: ரூ. 10,000
31 முதல் 100: ரூ. 25,000
101 முதல் 250: ரூ. 50,000
251 முதல் 1000: ரூ. 75,000
1000-க்கு மேல்: ரூ. 1,00,000

33 பேர் உள்ள பள்ளிக்கு 25,000. 29 ஆனதும் 10,000. நான்கு பிள்ளைகள் குறைந்ததற்கு 15,000 போகிறது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், 31-லிருந்து 30-க்கு இறங்கும் அந்த ஒரே பிள்ளையோடு 15,000 போகிறது. 31 பேர் இருக்கையில் தலைக்கு 806 ரூபாய், 30 ஆனதும் 333 ரூபாய். கழிவறை அதேதான், மின் மோட்டார் அதேதான், மழை ஒழுகும் ஓடும் அதேதான்.

எப்போது என்பதுதான் முக்கியம். ஆண்டுத் திட்டம் போடும்போது கைவசம் இருக்கும் கடைசி யுடைஸ் பிளஸ் (நாடு முழுமைக்குமான பள்ளித் தரவுத் தளம்) எண்ணிக்கையை எடுப்பார்கள். அதன் குறிப்பு நாள் செப்டம்பர் 30. ஆகவே இந்த ஜூனில் 29 ஆனாலும் இந்த நிதியாண்டின் மானியம் பழைய எண்ணிக்கைப்படிதான் வரும். அடி விழுவது அடுத்த நிதியாண்டில். இந்த ஓராண்டு இடைவெளி உங்களுக்குச் சாதகம். மோட்டார், குழாய், மின் இணைப்புப் பழுது என்று பெரிய செலவுகளை எல்லாம் 25,000 வரும் கடைசி ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். 10,000 வரும் ஆண்டில் இவற்றைத் தொடவே முடியாது.

மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு என்பது கட்டாயம். 10,000-ல் அது 1,000. உண்மையில் இரண்டு கழிவறை உள்ள பள்ளிக்கு மாதம் 200 ரூபாய்ப் பொருளாவது வேண்டும், ஆண்டுக்கு 2,400. மீதி 7,600-ஐ இப்படிப் பிரிக்கலாம்: மின், குழாய்ச் சில்லறைப் பழுது 2,500, பதிவேடு, எழுதுபொருள், அச்சு 2,000, முதலுதவிப் பெட்டி, குடிநீர்த் தொட்டி கழுவுதல் 1,200, கையிருப்பு 1,900. அந்தக் கையிருப்பைத் தீர்மானத்தில் "அவசரப் பழுது" என்றே எழுதி வையுங்கள். எதற்கும் ஒதுக்காமல் விட்டால் தணிக்கையில் கேள்வி வரும்.

நூலகம், விளையாட்டு மானியங்கள் இந்தப் படிக்கட்டில் வராது. தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுக்கு 5,000 வரை உண்டு. எண்ணிக்கை 30-க்குக் கீழே போனதால் அதுவும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொன்னி

ஆசிரியர் பணியிடத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைதான் அடிப்படை. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 60 பேர் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. இதன்படி 33-லிருந்து 29-க்கு இறங்குவதால் பணியிடம் எதுவும் போகாது. 5 பிள்ளைகள் இருந்தாலும் சட்டப்படி 2 ஆசிரியர். "20-க்குக் கீழே போனால் ஒருவர்தான்" என்று வாய்வழியாகச் சொல்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆபத்து 61-ல் இருக்கிறது. மூன்று ஆசிரியர் உள்ள பள்ளியில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி 60 பேர் இருந்தால் ஒருவர் உபரி. பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும்போது, போய்விடுவார். ஐந்து வகுப்பை மூவர் பார்த்தது போய் இருவர் பார்க்க வேண்டும். அதைக் கண்டு இன்னும் நாலு பெற்றோர் பிள்ளையை மாற்றுவார்கள். நிதி குறைவதை விட இந்தச் சங்கிலிதான் பள்ளியைச் சீக்கிரம் மூடவைக்கிறது.

காலியிடத்தையும் கவனியுங்கள். பிரிவு 26-இன்படி ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலி இருக்கக் கூடாது. இரண்டே இடம் உள்ள பள்ளியில் ஒன்று காலி என்றாலே 50 சதவீதம். ஓய்வு, மகப்பேறு விடுப்பு, நீண்ட பயிற்சி எது வந்தாலும் மேலாண்மைக் குழு இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் மாற்று ஆசிரியர் கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் பதிவு நிற்காது.

தொடக்கநிலை

நன்றி டீச்சர், கணக்கர் ஐயா. சத்துணவு பற்றி யாராவது?

உலைப்பானை

ஒன்றிய அரசின் பி.எம். போஷண் (மதிய உணவுத் திட்டம்) கணக்கில் 25 பிள்ளைகள் வரை ஒரு சமையலர், 26 முதல் 100 வரை இருவர், அதன் பிறகு ஒவ்வொரு 100-க்கும் ஒருவர் கூடுதல். 29-ல் இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 25 ஆனால் ஒன்றிய அரசின் பங்கில் ஒருவருக்கான மதிப்பூதியம் குறையும். தமிழ்நாட்டில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மாநிலத்தின் சொந்த அமைப்பு இருப்பதால் மறுநாளே ஆளை எடுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆனால் காலியாகும் இடத்தை நிரப்பாமல் விடுவது இந்த எண்ணிக்கையைக் காட்டித்தான்.

பொருள் செலவு தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். அரிசி தொடக்க வகுப்புக்கு 100 கிராம், நடுநிலைக்கு 150 கிராம். 29 பேருக்கு 2.9 கிலோ. எரிபொருள் அப்படித் தலைக்கணக்கில் குறையாது. 30 பேருக்கு உலை வைத்தாலும் 50 பேருக்கு வைத்தாலும் அடுப்பு எரியும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சிறு மையங்களில் காய்கறி மெலிவதற்கு இதுதான் காரணம், சமைப்பவரின் மனது காரணமில்லை. மேலாண்மைக் குழு பள்ளித் தோட்டத்துக்கு முயற்சி எடுத்தால் கீரை, முருங்கை, பப்பாளி என்று அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டலாம்.

காலை உணவுத் திட்டமும் சேர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சேர்க்கைக்காகப் பெற்றோரிடம் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். இரு வேளைச் சாப்பாடு என்பது வேலைக்குப் போகும் தாய்க்குப் பெரிய பலம்.

கரும்பலகை

ஒரு மாறுபட்ட கருத்து, கோபப்படாமல் கேளுங்கள். 12 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர் என்றால் ஒரு வகுப்பில் இரண்டு பேர். குழுவாக விளையாட ஆளில்லை, பேச்சுப் பயிற்சிக்கு எதிரில் ஆளில்லை. 2016-17 தரவுப்படி நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கிட்டத்தட்ட 28 சதவீதத்தில் 30-க்கும் குறைவான பிள்ளைகள் என்று தேசியக் கல்விக் கொள்கை ஆவணமே சொல்கிறது. ஓராசிரியர் பள்ளிகள் மட்டும் 1,08,017. இத்தனை பள்ளிகளில் நிதியைத் துண்டு துண்டாகப் போடுவதைவிட, நன்கு நடக்கும் பள்ளி ஒன்றில் சேர்த்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்லதில்லையா? நிதியைக் காப்பாற்றுவது வேறு, படிப்பைக் காப்பாற்றுவது வேறு.

பொன்னி

நியாயமான கேள்வி. ஆனால் "ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர்" இணைப்பால் கிடைக்குமா என்று கூட்டிப் பார்ப்போம் தோழர்.

A பள்ளியில் 20 பேர், B பள்ளியில் 38 பேர். தனித்தனியே 2 + 2 = 4 ஆசிரியர். இணைத்தால் 58 பேர். 60-க்குள் இருப்பதால் 2 ஆசிரியர். ஒருவருக்கு 29 பிள்ளைகள், அதிலும் ஐந்து வகுப்பு கலந்து. வகுப்புக்கு ஒருவர் எங்கே? நாலு பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர்தான். B பள்ளியில் 45 இருந்தால் மொத்தம் 65, அப்போது 3 ஆசிரியர். அரசுக்கு மிச்சம் ஒரு பணியிடம். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் வர 121 பேர் வேண்டும். நம் சிற்றூர்களில் 121 பேரைச் சேர்க்க நாலைந்து பள்ளிகளை இணைக்க வேண்டியிருக்கும். அப்போது நடைதூரம் என்னாகும்?

தமிழ்நாட்டு விதிப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலை 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் போக்குவரத்து வசதி தர வேண்டும். சமக்ர சிக்ஷாவில் அதற்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை. 20 பிள்ளைக்கு 1,20,000. A பள்ளிக்குத் தரும் 10,000 மானியத்தை மிச்சம் பிடிக்க இத்தனை செலவா? பணியிடத்தில்தான் மிச்சம் வருகிறது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

நீங்கள் சொன்ன படிப்பு அக்கறை உண்மை. இரண்டு பேர் வகுப்பில் பாடம் நடத்துவதற்குப் பல்வகுப்புக் கற்பித்தல்தான் சரியான முறை. எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பறையில் பிள்ளைகள் வகுப்பு வாரியாக அல்ல, நிலை வாரியாக அமர்கிறார்கள். சிறு பள்ளிக்கு அது பொருந்தும். கூடவே மாதத்தில் இரண்டு நாள் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து விளையாட்டு, நூலகம், நாடகம். கோத்தாரி ஆணையம் 1966-ல் சொன்ன பள்ளித் தொகுப்பின் கருத்தும் இதுதான்: வளங்களைப் பகிர்.

கரும்பலகை

கணக்கை ஏற்கிறேன். 60-க்குள் விழும் இணைப்பு பிள்ளைகளுக்கு நட்டம்தான். ஆனால் ஒரே வளாகத்தில் அல்லது 300 மீட்டரில் இரண்டு பள்ளி இருந்து, இணைத்தால் 91-ஐத் தாண்டும் என்றால் நான் இன்னும் இணைப்பின் பக்கம்தான்.

பொன்னி

அங்கே நானும் உங்கள் பக்கம். பெற்றோர் சம்மதத்தோடு.

ஊராட்சிக் குரல்

மானியத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வழி கிடைக்காது. இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 20,600. இரண்டு பேருக்கு அடிப்படை மட்டும் ஆண்டுக்கு 4,94,400. படிகள் தனி. 10,000 மானியம் அதில் இரண்டு சதவீதம். பெரிய பணம் ஊதியத்தில் இருக்கிறது, அதை எண்ணிக்கை உடனே தொடாது. வாட்டுவது இந்தச் சில்லறைப் பணம்தான். அதற்கு ஊராட்சியில் வழி உண்டு.

1. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக் குழு விதிப்படி, ஊராட்சி மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், தூய்மைக்கு மட்டும் என்று கட்டப்பட்ட நிதி. பள்ளிக் கழிவறை, குடிநீர்த் தொட்டி, கைகழுவும் குழாய் எல்லாம் அதில் அடங்கும். கட்டப்படாத 40 சதவீதத்தில் ஊதியம், அலுவலகச் செலவு போட முடியாது, உள்ளூர்த் தேவைக்கான பணி போடலாம்.

2. வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் பெயரோடு ஏற வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலோடு அக்டோபர் 2 சபையில் வையுங்கள். ஜனவரியில் கொண்டுபோனால் திட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

3. "பள்ளியைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் மதிப்பீடு போட முடியாது. "மேற்குப் புறக் கழிவறைக் கூரை 12 அடிக்கு 8 அடி, கதவு 2, கழிவுநீர்க் குழாய் 30 அடி" என்று எழுதுங்கள். பொறியாளர் வந்து அளக்க வேண்டிய வேலை பாதியாகும், அனுமதியும் விரைவாகும்.

கட்டடம் யார் பெயரில் என்பதையும் பாருங்கள். ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்தாக இருந்தால் பெரிய பழுதுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம்தான் கேட்க வேண்டும். கல்வித் துறைக்கு எழுதிய கடிதம் அங்கேயே உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

வட்டாரக் கணக்கர்

பணம் வந்தும் செலவாகாமல் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2021 ஜூலைக்குப் பிறகு பணம் பள்ளிக் கணக்கில் உட்காருவதில்லை. மாநிலத்தில் ஒற்றை முதன்மைக் கணக்கு, பள்ளிக்கு இருப்பு இல்லாத துணைக் கணக்கு. உங்களுக்கு வருவது செலவு வரம்பு மட்டும். பி.எஃப்.எம்.எஸ்-ல் (ஒன்றிய அரசின் நிதி மேலாண்மை இணையதளம்) பட்டியல் ஏற்றி, ஒருவர் தயாரித்து மற்றொருவர் ஒப்புதல் தந்து, கட்டண ஆணையை அச்சிட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத வரம்பு திரும்பிப் போய்விடும்.

சிக்கல் வரும் இடங்கள்:

கடைக்காரர் பெயர் வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி, ரசீதில் ஒரு மாதிரி. கட்டணம் திரும்பி வரும். முதல் முறை பதிவு செய்யும்போதே கணக்குப் புத்தக முதல் பக்கத்தின் நகலை வாங்கிவிடுங்கள். ஊரில் இரண்டு கடையை ஏப்ரலிலேயே பதிவு செய்து வைத்தால் மார்ச்சில் ஓட வேண்டாம்.

மேலாண்மைக் குழுத் தலைவர் மாறியிருப்பார், கையொப்ப மாற்றம் வங்கியில் ஏறியிருக்காது. இதுதான் மிக அதிகம். குழு மறுகட்டமைப்பு முடிந்த அதே வாரத்தில் தீர்மான நகல், அடையாளச் சான்று, மாதிரிக் கையொப்பம் மூன்றையும் வங்கியில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கட்டண ஆணைக்குச் செல்லுபடி நாள் உண்டு. அச்சிட்டு மேசையில் வைத்தால் காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து.

இரண்டாம் தவணை தாமதமாக வந்தால் என்ன வாங்குவது என்று அப்போது யோசிக்க நேரமிருக்காது. செப்டம்பரிலேயே இரண்டு தவணைக்கும் சேர்த்துத் தீர்மானம் போட்டு வையுங்கள். தேதி மட்டும் பிறகு.

இன்னொன்று. பி.எம்.ஸ்ரீ (ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைத் தொடர்ந்து 2024-25-க்கான சமக்ர சிக்ஷாவின் ஒன்றிய அரசுப் பங்கு ரூ. 2,152 கோடி வராமல் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கில் அந்த 60 நின்றால் முதலில் இடிபடுவது சொந்த வருமானம் இல்லாத சிறு பள்ளிதான். 1000 பேர் பள்ளிக்கு முன்னாள் மாணவர் இருக்கிறார்கள், புரவலர் இருக்கிறார்கள். 29 பேர் பள்ளிக்கு அரசை விட்டால் யார்?

தரவுப் பலகை

எண்ணிக்கை 30-31, 60-61 என்று விளிம்பில் நிற்கும் பள்ளிகள் ஜூன், ஜூலையில் எமிஸ் (மாநிலக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) பதிவைச் சரிபார்த்தால் உண்மையான பிள்ளைகளைக் கணக்கில் இழக்காமல் தப்பலாம். பல பள்ளிகளில் குறைவது பிள்ளைகள் அல்ல, பதிவு.

பழைய பள்ளி மாற்றுச் சான்று தந்ததும் பிள்ளையின் பதிவு எமிஸின் பொதுத் தொகுப்புக்குப் போகும். அங்கிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டால்தான் உங்கள் கணக்கு. தனியார் பள்ளி கட்டண பாக்கிக்காகச் சான்றை இழுத்தடித்தால் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும், எண்ணிக்கை அவர்களிடம் இருக்கும். கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 5 இதற்கானதே: மாற்றுச் சான்று தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. சேர்த்துவிட்டு, எமிஸ் எண்ணை விடுவிக்கக் கோரி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அன்றே எழுதுங்கள்.

செங்கல் சூளை, கரும்பு வெட்டுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று இருக்காது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது. பிரிவு 15: ஆண்டின் நடுவிலும் சேர்க்க வேண்டும். பிரிவு 4: வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி. ஊரைச் சுற்றி ஒரு நாள் நடந்தால் இப்படி மூன்று நான்கு பிள்ளைகள் கிடைப்பது அரிதல்ல.

ஒரு எச்சரிக்கை. இல்லாத பிள்ளையை ஏற்றி 31 ஆக்குவது வேண்டவே வேண்டாம். 2022-23 முதல் யுடைஸ் தனிப் பிள்ளை வாரியாகப் பதிகிறது. ஒரே ஆதார் இரண்டு பள்ளியில் இருந்தால் உடனே தெரியும். சத்துணவு அன்றாட எண்ணிக்கையும் பொருந்தாது. 15,000 ரூபாய்க்காகத் தலைமையாசிரியர் வேலைக்கு ஆபத்து தேடிக்கொள்ளக் கூடாது.

உலைப்பானை

பிள்ளைகள் ஏன் முதல் வகுப்புக்கு வருவதில்லை என்பதையும் பேசுவோம். மூன்றரை வயதில் எல்.கே.ஜி.க்குத் தனியார் வண்டியில் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி நம் பள்ளிக்கு வருவதில்லை. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. தனித் தொடக்கப் பள்ளிக்கு அந்த வசதி எட்டவில்லை.

உயர்கல்விச் சலுகைகளும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைகள் எல்லாமே 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பெற்றோர் ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் வைத்திருந்து ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினாலே சலுகை கிடைத்துவிடும். இந்தத் திட்டங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு உதவுகின்றன, தொடக்கப் பள்ளிக்கு அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவருக்குக் கூடுதல் ஏதாவது வைத்தால் நிலை மாறும் என்பது என் கருத்து.

ஊராட்சிக் குரல்

தனியாரில் 25 சதவீத இடங்களுக்கு அரசு கட்டணம் தருவதும் இதில் சேரும். கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 12-இன்படி அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. ஏழைப் பிள்ளையின் உரிமை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிள்ளை போகும்போது பணமும் போகிறது, ஊர்ப் பள்ளியின் செலவோ அப்படியே நிற்கிறது.

மேற்கே

அமெரிக்கப் பள்ளி நிதியில் வேலை செய்பவன். அங்கே பள்ளி மாவட்டங்கள் தனி நிர்வாகம், சொத்து வரி வேறு, ஆகவே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எண்ணிக்கை குறையும் சிறு மாவட்டம் என்ற நோய் ஒன்றுதான். மருந்தில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

விஸ்கான்சினில் ஒரு பள்ளி மாவட்டம் திரட்டக்கூடிய வருவாயின் வரம்பைக் கணக்கிட மூன்று ஆண்டுச் சராசரியை எடுக்கிறார்கள். ஒரே ஆண்டில் சரிந்தாலும் நிதி மெல்லத்தான் இறங்கும். கலிபோர்னியாவில் 2022-23 முதல் நடப்பு ஆண்டு, முந்தைய ஆண்டு, முந்தைய மூன்று ஆண்டின் சராசரி, மூன்றில் எது அதிகமோ அது. இரண்டாவதுதான் மேல். வெறும் சராசரி என்றால் வளரும் பள்ளிக்கு நட்டம்.

அடுத்தது தூரத்துக்கான உதவி. விஸ்கான்சினிலேயே 745 பேருக்கு மிகாமல், சதுர மைலுக்குப் 10 மாணவருக்கும் குறைவான மாவட்டங்களுக்குத் தலைக்கு 400 டாலர். சிறியதாக இருப்பதற்குப் புவியியல் காரணம் என்றால் அதைச் செலவாக ஏற்கிறார்கள். மலைக் கிராமப் பள்ளிகளுக்கு நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்.

மூன்றாவது, இணைப்பு. நியூயார்க்கில் இணையும் மாவட்டத்துக்கு இயக்க உதவியில் (அன்றாடச் செலவுக்கு மாநிலம் தருவது) 40 சதவீதம் கூடுதலாக ஐந்து ஆண்டு, பிறகு ஆண்டுக்கு 4 புள்ளி குறைந்து மொத்தம் 14 ஆண்டு. ஆர்கன்சாவில் 2004 முதல், மாவட்டத்தில் இரண்டு ஆண்டு தொடர்ந்து 350 மாணவருக்குக் கீழே இருந்தால் கட்டாய இணைப்பு. 2015-ல் விலக்குக் கேட்க வழி திறக்க வேண்டிவந்தது. எண்ணை மட்டும் வைத்து வெட்டினால் பின்னால் தளர்த்தித்தான் ஆக வேண்டும்.

பொன்னி

நம் நாட்டிலும் அதுதான் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூன் 16 ஆணைப்படி 50-க்குக் கீழுள்ள பள்ளிகளை இணைக்கத் தொடங்கினார்கள். வழக்கு, போராட்டம் எல்லாம் வந்த பிறகு 1 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் இணைக்க மாட்டோம் என்று அரசே அறிவித்தது.

மேற்கே அவர்கள் சொன்ன சராசரியை நம் படிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். 42, 36, 28 என்று குறையும் பள்ளி. சராசரி 35.3. மூன்றாம் ஆண்டிலும் 25,000 படியிலேயே நிற்கும். ஒரு ரூபாய் புதிய திட்டம் இல்லாமல், கணக்கிடும் முறையை மாற்றினாலே போதும்.

வட்டாரக் கணக்கர்

படிக்கட்டையே எடுத்துவிடலாம். பள்ளிக்கு அடித்தொகை 15,000, பிள்ளைக்கு 250 என்று வைத்தால் 30 பேருக்கு 22,500, 31 பேருக்கு 22,750, 100 பேருக்கு 40,000. ஒரு பிள்ளை போனால் 250 போகும், 15,000 போகாது. 12 பேர் பள்ளிக்கும் 18,000 நிற்கும். தொகையைப் பற்றிப் பேரம் பேசலாம், வடிவம் இப்படி இருக்க வேண்டும்.

தொடக்கநிலை

எல்லோருக்கும் நன்றி. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் என்னென்ன எழுதுவது, யாருக்கு அனுப்புவது?

ஊராட்சிக் குரல்

கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 22-இன்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது குழுவின் கடமை. தனித் தீர்மானமாக இல்லாமல் அந்தத் திட்டத்தின் பகுதியாகவே கொண்டுபோங்கள், எடை கூடும். மூன்று ஆண்டுத் திட்டம், ஆண்டு வாரி உட்பிரிவு. நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பு, அதாவது டிசம்பருக்குள்.

வகுப்பு வாரியாக மூன்று ஆண்டு எண்ணிக்கை மதிப்பீடு. அங்கன்வாடிப் பதிவேட்டில் 3, 4 வயதுப் பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்துப் போடுங்கள், ஊகமாக வேண்டாம். அடுத்த அரசுப் பள்ளிக்கு நடைவழித் தூரம், இடையில் ஓடை, நெடுஞ்சாலை, ரயில் பாதை இருந்தால் அதுவும். எண்ணிக்கையோடு குறையாத செலவுகள், ஆண்டுக்கு எவ்வளவு என்று. அட்டவணைப்படி 2 ஆசிரியர் இடமும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்ற கோரிக்கை. எந்த வேலை எந்த நிதியில் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே.

நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, வட்டார வள மையத்துக்கு, மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தொடக்கக் கல்வி), ஊராட்சித் தலைவருக்கு. கட்டடப் பகுதி மட்டும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். எல்லா நகலிலும் ஒப்புகைக் கையொப்பம், தேதி முத்திரை வாங்குங்கள். சேர்க்கை மார்ச் 1-ல் தொடங்கிவிடுகிறது. அதற்குள் கழிவறை வேலையாவது முடிந்திருந்தால் பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோரிடம் பேசுவது எளிது.